கோளாறு மெஷினிலா, நிர்வாகத்திலா? கடற்கரை நிறுவனங்களுக்கு அறிகுறி வாரியான வழிமுறை

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, நடுவில் ராமேஸ்வரம் தீவையும் சேர்த்து, கம்ப்யூட்டர் வேலைக்காகப் பல வருடமாக பைக்கில் அலைகிறேன். நண்டு கம்பெனி, கருவாட்டு வாடி, ஐஸ் கம்பெனி, லாட்ஜ், மிளகாய் மண்டி என்று எங்கே போனாலும் போனில் சொன்னது ஒன்றாகவும் போய்ப் பார்த்தால் வேறாகவும் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரில் தீர்கிற கோளாறு அரை மணியில் தீர்ந்துவிடும். தீராத கோளாறுக்கு, "இதை யார் பார்த்துக்கிறாங்க?" என்று கேட்க வேண்டியிருக்கும். கேட்டதும் அறையில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிடும்.

அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் மெஷினில் பார்க்க வேண்டியதையும், அப்புறம் ஆபீஸில் கேட்க வேண்டியதையும் எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேராகப் போகலாம். பாஸ்வேர்டு பற்றிய பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

"மெஷின் தானா அணையுது, மூணு மாசத்துக்கு ஒருதரம் ரிப்பேர்"

மண்டபத்தில், கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்திருந்த ஒரு சிபியுவைத் திறந்தேன். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ராமை (மெமரித் தகட்டை) கழற்றினால், தங்க நிறத்தில் வரிசையாகப் பளபளக்க வேண்டிய முனைகளில் பாசி பிடித்த மாதிரி பச்சை பூத்திருந்தது. உள்தகட்டில் விரலை ஓட்டினேன், நறநறவென்று வெள்ளைப் பொடி ஒட்டியது. உப்பு.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். நம் கரையில் ராத்திரிகள் பெரும்பாலும் அப்படித்தான். பகலில் ஏசியில் காய்ந்த பொடியாகக் கிடக்கும் உப்பு, ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போனதும் ஈரமாகி, மின்சாரம் கடத்தும் படலமாக மாறுகிறது. காலையில் சுவிட்சைப் போட்டதும் மெஷின் இழுத்து இழுத்து அணைவது இதனால்தான். பத்து மணிக்கு மேல் "தானா சரியாயிருச்சு" என்பார்கள். சரியாகவில்லை, காய்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: ப்ளக்கைப் பிடுங்குங்கள். ராமைக் கழற்றி, முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் துடையுங்கள். ஸ்லாட்டுக்குள் ரப்பரை விடக்கூடாது, காய்ந்த பிரஷ் போதும். பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்றை உள்ளே அடிக்காதீர்கள், அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். இவ்வளவும் செய்த பிறகும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை (மெஷினுக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டியை) மாற்றிப் பாருங்கள். வெளிக்காற்றை இழுக்கிற ஃபேன் அதிலேயே இருப்பதால் நம் பக்கத்தில் பல சமயம் அதுதான் முதலில் போகிறது.

மீன்பிடித் தடைக்காலம் இன்னொரு ஆபத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஆபீஸைப் பூட்டி, மெஷினை அணைத்துவிட்டுப் போகிறார்கள். ஓடுகிற மெஷின் உள்ளே சூடாக இருக்கும், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். அணைந்து கிடக்கும் மெஷினுக்கு அந்தக் காவல் இல்லை. தடை முடிந்து படகு இறங்கும் வாரத்தில் எனக்கு வரும் போன்களுக்குக் கணக்கே இல்லை. வாட்ச்மேனிடம் சொல்லி இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் மெஷினைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

மெஷின் வேலை இவ்வளவுதான். ஆபீஸில் கேட்க வேண்டியது: எத்தனை மெஷின் இருக்கிறது, எது எப்போது வாங்கியது, வாரன்டி எப்போது முடிகிறது? இதற்கு உடனே பதில் சொன்ன நிறுவனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. படகு எஞ்சினுக்கு ஆயில் மாற்றிய தேதியைச் சம்மாட்டி (படகு முதலாளி) தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அதே கவனம் கம்ப்யூட்டருக்கும் வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: மெஷின் பெயர், வாங்கிய தேதி, பில் நம்பர், என்னென்ன மாற்றினோம். இரண்டு ரிப்பேர் செலவைக் கூட்டிப் பார்த்தால் புது மெஷின் வாங்கலாமா வேண்டாமா என்று அந்த நோட்டே சொல்லும். புதிதாக வாங்குகிறவர்கள் ஃபேன் இல்லாத சின்ன மெஷினும் எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) வாங்குங்கள். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் காற்றழுத்தத்துக்காக ஒரு நுண்துளை உண்டு, எஸ்எஸ்டியில் அது தேவையில்லை.

"யூபிஎஸ் இருக்கு, ஆனா கரன்ட் போனா எல்லாம் போயிடுது"

பேட்டரி செத்திருக்கும். சின்ன யூபிஎஸ்ஸில் வருவது அடைத்த ஈய அமில பேட்டரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். தகரக் கூரைக்குக் கீழே மூடிய மேஜைக்குள் வைத்தால் இரண்டு வருடம் தாண்டுவது கஷ்டம். மாதம் ஒருநாள், வேலை முடிந்த நேரத்தில், ஃபைல்களை எல்லாம் மூடிவிட்டு மெயின் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸில் சொருகாதீர்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் மெஷின் எரிந்து போகிறது என்றால் எர்த்தைப் பாருங்கள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். உப்புத் தண்ணீர் மண்ணில் இரும்புக் குழாய் எர்த் சீக்கிரம் அரித்துப் போகும். மேலே காய்ந்த மணல் இருக்கும் இடத்தில் எர்த் சரியாகப் பிடிக்காது.

"டேலி தொங்குது, டேட்டா எரர் வருது"

டேலி போன்ற கணக்கு மென்பொருளில் ரிப்பேர் பட்டனைத் தொடும் முன் டேட்டா ஃபோல்டரை அப்படியே வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. ரிப்பேர் என்பது ஃபைலைத் திருத்தி எழுதுவது, திருத்தத்தில் தப்பு நேர்ந்தால் திரும்பி வர வழி வேண்டும்.

காப்பி எடுத்த பிறகு காரணத்தைத் தேடுங்கள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? டேட்டா ஒரு மெஷினிலும், பில் போடுகிறவர் வேறு அறையில் வைஃபையிலும் இருக்கிறாரா? அப்படியானால் கேபிள் இழுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது வைஃபை ஒரு நொடி அறுந்தாலும் ஃபைல் உடையலாம். டிஸ்க்கின் உடல்நலத்தைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் அன்றைக்கே டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.

கீழக்கரையில் ஒரு மொத்தக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ஃபைல் எல்லாம் புரியாத பெயரோடு, திறக்க முடியாமல், பணம் கேட்டு ஒரு குறிப்போடு இருந்தன. நான் போனதும் முதலாளி கேட்டார்: "தம்பி, பேக்கப் இருக்குல?"

கணக்கு பார்க்கும் லாத்தா சொன்னார் (அங்கே அக்காவை லாத்தா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள்): "இருக்கு காக்கா, தினம் பென் டிரைவுல ஏறுது."

நான் சிபியுவின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். பென் டிரைவ் அங்கேயே சொருகியிருந்தது, அதில் தூசி படிந்திருந்தது. அதை யாரும் கழற்றியதே இல்லை. மெஷினுக்குள் புகுந்த வைரஸ் அதற்குள்ளும் போய் எல்லாவற்றையும் பூட்டியிருந்தது. எட்டு மாதக் கணக்கை பில் புத்தகத்திலிருந்து லாத்தாவும் இன்னும் இருவரும் ராப்பகலாக உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள். தப்பு அந்த லாத்தாவுடையது இல்லை. "பேக்கப் எடு" என்று சொன்னார்கள், "கழற்றி எங்கே வை, எப்போது சோதித்துப் பார்" என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பேக்கப்புக்கு உலகமெங்கும் சொல்லும் கணக்கு மூன்று, இரண்டு, ஒன்று. மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று வேறு இடத்தில். நம் கரையில் "வேறு இடம்" என்பது பக்கத்துத் தெரு ஆகாது. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். தரையில் வைத்த சிபியுவும் கீழ் அலமாரியில் வைத்த பேக்கப் டிஸ்க்கும் அப்படிப்பட்ட நாளில் சேர்ந்தே நனையும். ஒரு பிரதி கிளவுடிலோ, மதுரையிலோ பரமக்குடியிலோ நம்பிக்கையான ஒருவரிடமோ இருக்கட்டும். அதற்கு பாஸ்வேர்டு போட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று. மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு மெஷினில் திறந்து, நேற்றைய பில் ஒன்று அதில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்படித் திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது. யார் பார்த்தது, எந்தத் தேதி என்று நோட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

"பையன் வேலையை விட்டுப் போயிட்டான், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியலை"

இந்த வழிமுறையை நான் எழுதியதே இந்தப் பகுதிக்காகத்தான்.

நிறைய நிறுவனங்களில் இப்படித்தான் தொடங்கும். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையன் வேலைக்கு வருவான். கம்பெனி மெயிலை அவன் போன் நம்பரில் திறப்பான். ஜிஎஸ்டிக்கு ஓடிபி அவனுக்கு வரும். வெப்சைட்டைச் செய்து கொடுத்தவர் டொமைனை (அதன் இணையப் பெயரை) தன் பெயரிலேயே வாங்கியிருப்பார். ரவுட்டர், சிசிடிவி எல்லாவற்றின் சாவியும் ஒரே தலைக்குள். ஐந்து வருடம் எல்லாம் ஓடும். ஒருநாள் அவனுக்கு துபாயிலோ கத்தாரிலோ வேலை கிடைக்கும். போன் நம்பர் மாறும். அன்றிலிருந்து கம்பெனி தன் வீட்டுக்குள் தானே நுழைய முடியாமல் நிற்கும்.

அந்தப் பையன்மேல் கோபப்பட வேண்டாம். அவன் நல்லபடியாக இருக்கும்போதே போன் போட்டு, மரியாதையாகக் கேட்டு, ஒவ்வொன்றாக வாங்கிவிடுங்கள். ஓடிபியை அவன் போனில் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும், அந்த நம்பர் உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். வரிசை முக்கியம். முதலில் மெயில், ஏனென்றால் மற்ற எல்லா "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" இணைப்பும் அங்கேதான் வந்து விழும். மெயில் கைக்கு வந்ததும் மீட்பு எண்ணை முதலாளியின் எண்ணாக மாற்றி, மற்ற எல்லா சாதனத்திலிருந்தும் வெளியேற்றுங்கள். அடுத்து டொமைன். அதன் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது என்று பாருங்கள். அப்புறம் பேங்க், ஜிஎஸ்டி.

ஜிஎஸ்டியில் பதிந்த மெயிலும் எண்ணும் கைவிட்டுப் போயிருந்தால், உங்கள் எல்லைக்குட்பட்ட வரி அலுவலரிடம் நிறுவன ஆவணங்களோடு போய் விண்ணப்பித்தால் அவர் சரிபார்த்து மாற்றித் தர வழி இருக்கிறது. லாரி வாசலில் நிற்கும்போது இதைத் தொடங்காதீர்கள். இ-வே பில் (சரக்கு அனுப்பும் சீட்டு), இ-இன்வாய்ஸ் தளங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிகர்களுக்கும் பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வந்துவிட்டதால், ஓடிபி வரும் போன் இல்லை என்றால் இ-வே பில் வேண்டிய சரக்கு நகராது.

நிலையான மருந்து: கணக்குகள் எல்லாம் கம்பெனி பெயரில், கம்பெனி சிம்மில். ஆளுக்குத் தனி லாகின், அவரவர் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும். எல்லாரும் ஒரே அட்மின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால் நாளைக்கு ஒரு பில் அழிந்தால் யார் அழித்தார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. பதிவு பெற்ற கம்பெனியாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடம் பதிவாக வேண்டும் என்பது சட்டமே. முக்கிய சாவிகளை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, இரும்புப் பெட்டியில் வையுங்கள். ஒருவர் வேலையை விடும்போது சம்பளக் கணக்கு முடிப்பதுபோலவே அவருடைய லாகின் கணக்கையும் அன்றைக்கே முடியுங்கள்.

"பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சுன்னு பார்ட்டி மெயில் அனுப்பிச்சிருக்காங்க"

பணம் அனுப்பாதீர்கள். மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, உங்களிடம் முன்பே இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, பழகிய குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அப்புறம் மெயில் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆங்கில எம் இருக்கும் இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி வைத்திருப்பார்கள், சின்னத் திரையில் வித்தியாசமே தெரியாது. முகவரி சரியாகவே இருந்தால் இன்னும் கவலைப்பட வேண்டும். உங்கள் மெயில் பெட்டிக்குள்ளோ அவர்கள் பெட்டிக்குள்ளோ ஆள் புகுந்திருக்கலாம். மெயில் அமைப்புகளில், வரும் மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதாவது நீங்கள் போடாமலே இருக்கிறதா என்று பாருங்கள். கணவாய் ஏற்றுமதிக்காரர் ஒருவர் பெட்டியில் "இன்வாய்ஸ்" என்ற சொல் வரும் மெயில் எல்லாம் வெளியே ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக என்று பார்த்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பணம் போய்விட்டதா? வெட்கப்படாதீர்கள், மறைக்காதீர்கள். உடனே பேங்குக்கும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கும் போன் போடுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வேண்டும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் பெரிது. சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. நிர்வாக மருந்து ஒன்றே ஒன்று: அக்கவுன்ட் எண் மாற்றத்தை ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் போனில் உறுதி செய்து கையெழுத்திட வேண்டும். முதலாளிக்கும் இதில் விலக்கு கிடையாது.

"நெட் ஸ்லோ"

ரவுட்டரிலிருந்து கேபிளில் நேராக ஒரு லேப்டாப்பைச் சொருகி வேகம் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் குற்றம் வைஃபையில். அங்கேயே மந்தமென்றால் சிசிடிவி கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், நான் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் அதுதான். தீவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு கம்பெனி லைன் வாங்கினாலும் இந்தியக் கரையிலிருந்து தரைவழியாக வருவது எதுவும் பாம்பனைத் தாண்டித்தான் வரவேண்டும். இரண்டாவது இணைப்பாக மொபைல் சிம் வைத்துக்கொள்ளுங்கள்.

"விண்டோஸ் அப்டேட் முடிஞ்சுபோச்சுன்னு காட்டுது"

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பேங்க், மெயில், ஜிஎஸ்டி பார்க்கும் மெஷினை முதலில் மாற்றுங்கள். எடை லேபிள் மட்டும் அடிக்கும் பழைய மெஷினை நெட்டிலிருந்து துண்டித்து வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

"லட்சக்கணக்குல சாஃப்ட்வேர் வாங்கினோம், யாரும் தொடமாட்டேங்கிறாங்க"

பாம்பனில் விடியற்காலை நாலு மணி. விசைப்படகு வந்து கூடை கூடையாக இறங்குகிறது. எடை போடும் இடத்தில் நிற்கும் பையன் கையில் கம்பெனி கொடுத்த டேப்லெட். ஈரக் கை, மேலே பிளாஸ்டிக் உறை, உறை மேல் தண்ணீர்த் துளி. அவன் 3ஐத் தொட்டால் 6 விழுகிறது. ஒரு கூடைக்குப் பதினான்கு கட்டம் நிரப்பச் சொல்கிறது திரை. பின்னால் பத்துக் கூடை காத்திருக்கிறது, "எழுதுறா, எழுதுறா" என்று தராசுக்காரர் சத்தம் போடுகிறார். பையன் டேப்லெட்டை இடுக்கில் வைத்துவிட்டு, தெர்மகோல் பெட்டி மூடியை உடைத்து அதில் மார்க்கரால் எடையை எழுதுகிறான். சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து அந்தத் தெர்மகோல் துண்டுகளைப் பார்த்து, படகு பெயரை ஞாபகத்திலிருந்து சேர்த்து ஏற்றுகிறான்.

முதலாளி ஆபீஸில் பார்க்கும்போது எல்லா விவரமும் நிரம்பியிருக்கிறது, சாஃப்ட்வேர் நன்றாக ஓடுகிறது என்று நினைக்கிறார். ஆனால் எந்தப் படகு, எவ்வளவு, எந்த மீன் என்ற விவரம்தான் ஏற்றுமதிக்கே ஆதாரம். ஐரோப்பாவுக்குப் போகும் கடல் மீனுக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். அங்கே இறக்குமதி செய்பவர் அதை 2026 ஜனவரி 10 முதல் மின்னணு அமைப்பில் பதிய வேண்டும். ஞாபகத்திலிருந்து ஏற்றிய படகு பெயர் அங்கே வரை பயணம் போகிறது.

இதை ட்ரெய்னிங் கொடுத்துச் சரி செய்யப் பார்ப்பார்கள். பையனுக்கு எல்லாம் தெரியும், கை ஈரமாக இருக்கிறது, அவ்வளவுதான். நாங்கள் செய்தது: விற்றவரிடம் உட்கார்ந்து கரையில் நிரப்ப வேண்டிய கட்டத்தை நான்காகக் குறைத்தோம். படகுப் பதிவு எண், வகை, எடை, நேரம். படகு எண்ணைப் பட்டியலிலிருந்து தொடும்படி பெரிய பட்டனாக வைத்தோம். எடையைத் தராசே நேராக அனுப்பும்படி இணைத்தோம். நேரம் தானாக விழும். பையன் தொட வேண்டியது இரண்டுதான். மீதிப் பத்துக் கட்டத்தை ஆபீஸில், காய்ந்த கையோடு, உட்கார்ந்து நிரப்புகிறார்கள். திரைக்கு மேலே ஒரு சின்னத் தகரக் கூரையும் போட்டோம்.

இந்த மாற்றத்தைத் தொடங்க நான் எப்போதும் சொல்லும் காலம் தடைக்காலம்தான். வேலை நடக்கும் மாதத்தில் புது சாஃப்ட்வேர் போட்டால் முதல் நெரிசலிலேயே எல்லாரும் நோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த 61 நாளில் பழைய நோட்டுக் கணக்கையே எடுத்து, பயன்படுத்தப் போகிற பையனையும் தராசுக்காரரையும் உட்கார வைத்து ஏற்றிப் பழகுங்கள். அவர்கள் "இது வராது" என்று சொன்னால் குறித்துக்கொண்டு விற்றவரிடம் மாற்றச் சொல்லுங்கள், கடைசித் தவணைப் பணத்தை அதுவரை கையில் வைத்திருங்கள். ஜூன் 15க்குப் பிறகு ஒரு மாதம் நோட்டும் சாஃப்ட்வேரும் இரண்டும் ஓடட்டும், தினமும் இரண்டின் மொத்த எடையையும் ஒப்பிடுங்கள். நோட்டை நிறுத்தும் தேதியை முதல் நாளே சுவரில் எழுதிவிடுங்கள்.

அந்தப் பாம்பன் கம்பெனியில் நோட்டை நிறுத்திய மறுநாள் விடியற்காலை நானும் போய் நின்றேன். முதல் கூடை ஏறியதும் பையன் படகு எண்ணைத் தொட்டான், வகையைத் தொட்டான், கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அடுத்த கூடைக்குக் கை நீட்டினான். தராசுக்காரர் அன்றைக்குச் சத்தம் போடவில்லை.